'லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்' - ஹைபிரிட் காரின் கியர் ஆயிலை மாற்ற வேண்டுமா? வீட்டிலேயே மாற்றலாமா?

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இ:எச்இவி, இன்னோவா ஹைகிராஸ். 2022-ல் ஒன்றன் பின் ஒன்றாக வந்த இந்த ஹைபிரிட் கார்களை முதல் சுற்றிலேயே வாங்கியவர்களில் பலர் இப்போது 1 லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டார்கள். டாக்ஸியாக ஓடும் வண்டிகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. இந்தக் கட்டத்தில் சர்வீஸுக்குப் போகும் உரிமையாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "கியர் ஆயில் மாத்தணுமா?" பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "அது லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்."

அதே காரை வெளியில் உள்ள அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டினால், "இவ்வளவு ஓடின வண்டிக்கு இன்னும் மாத்தலையா?" என்கிறார். இரண்டில் எது சரி? மாற்றுவதென்றால் வீட்டிலேயே செய்ய முடியுமா? செய்யும்போது எங்கே தவறு நடக்கும்?

ஹைபிரிட் காரில் கியர் பாக்ஸ் எங்கே இருக்கிறது?

டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களில் நமக்குப் பழக்கமான கியர் பாக்ஸே கிடையாது. கிளட்ச் இல்லை, பெல்ட் இல்லை, முதல் கியர், இரண்டாம் கியர் என்ற பேச்சே இல்லை. ரிவர்ஸுக்குத் தனிப் பல்சக்கரம்கூட இல்லை. மோட்டாரை எதிர்த்திசையில் சுற்றவிட்டால் வண்டி பின்னால் போகிறது. எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டரும் இல்லை.

இதற்கெல்லாம் பதிலாக ஒரே பெட்டிக்குள் இரண்டு மின் மோட்டார்களும், அவற்றையும் எஞ்சினையும் இணைக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் இருக்கின்றன. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறிய சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்ற அமைப்பு. எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி நேராகச் சக்கரத்துக்குப் போகும். இன்னொரு பகுதி முதல் மோட்டாரைச் சுற்றி மின்சாரமாகும். இரண்டாவது மோட்டார் வண்டியை இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது அதுவே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் தரும். இந்தப் பெட்டிக்குத்தான் 'இ-சிவிடி' என்று பெயர்.

இந்தப் பெயர்தான் பல குழப்பங்களுக்குக் காரணம். சாதாரண சிவிடி என்பது இரண்டு கப்பிகளுக்கு நடுவே உலோக பெல்ட் ஓடும் கியர் பாக்ஸ். அதற்கும் இ-சிவிடிக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. ஆனால் கடையில் போய் "சிவிடி ஆயில் கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் பெல்ட் வகைக்கான ஆயிலை எடுத்துத் தருவார். அவர் மேல் தப்பில்லை, கேட்ட பொருளைத்தான் கொடுக்கிறார். அதை இ-சிவிடியில் ஊற்றினால் அடி நம் பர்ஸுக்குத்தான்.

அந்த ஆயிலுக்கு என்ன வேலை?

சாதாரண கியர் பாக்ஸில் ஆயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. இங்கே அதோடு இன்னும் இரண்டு வேலைகள் சேர்கின்றன. மோட்டார்களின் செம்புக் கம்பிச் சுருள்கள் மேல் இந்த ஆயில்தான் தெறித்து ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் சுவரில் விடுகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் பெரிய மோட்டார் நிமிடத்துக்கு 13,500 சுற்று வரை சுழலக்கூடியது. அந்த வேகத்தில் பிறக்கும் சூடு சாதாரணமானது அல்ல.

அடுத்தது மின்காப்பு. அதே பிரியஸில் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை ஏறும். அந்தச் சுருள்களோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. செம்பை அரிக்கவும் கூடாது. அதனால்தான் இதில் 'எந்த ஆயிலாக இருந்தால் என்ன' என்ற பேச்சுக்கே இடமில்லை. டொயோட்டாவின் பெரும்பாலான ஹைபிரிட் கார்களுக்கு நிறுவனம் சொல்வது 'ஏடிஎஃப் டபிள்யூஎஸ்' என்ற சிவப்பு நிற ஆயில். புதிய மாடல்கள் சிலவற்றுக்கு வேறு ஆயில் வந்துவிட்டது. எனவே யூடியூப் வீடியோவில் பார்த்ததையோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையோ நம்பாமல், காரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அளவுப் பட்டியலைப் பார்ப்பதுதான் சரி. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று டப்பாவில் அச்சிட்ட ஆயிலில் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். லட்சக்கணக்கில் செலவு வைக்கக்கூடிய பெட்டிக்குள் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கத் தேவையில்லை.

அப்படியானால் 'லைஃப்டைம்' என்பது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இந்தப் பெட்டியில் தேயக்கூடிய கிளட்ச் தகடுகள் இல்லை. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஆயிலைக் கெடுப்பதில் பெரிய பங்கு அந்தத் தகடுகளின் துகள்களுக்குத்தான். அவை இல்லாததால் இங்கே ஆயில் மெதுவாகத்தான் பழசாகிறது. சாதாரணப் பயன்பாட்டுக்கு நிறுவனங்களின் சர்வீஸ் அட்டவணையிலும் பல மாடல்களுக்கு 'பரிசோதிக்கவும்' என்று மட்டுமே இருக்கும்; 'மாற்றவும்' என்று கிலோமீட்டர் குறித்திருக்காது.

ஆனால் 'லைஃப்' என்பது யாருடைய லைஃப் என்ற கேள்வி இருக்கிறது. முதல் உரிமையாளர் ஐந்தாறு வருடத்தில் காரை விற்றுவிட்டால் ஆயில் அதுவரை தாங்கிவிடும். அதே காரை 15 வருடம் ஓட்ட நினைப்பவரின் கணக்கு வேறு. புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று பழகும்போது உதிரும் நுண்ணிய உலோகத் தூள் முதல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது. தானாக வெளியே போக அதற்கு வழி இல்லை. சென்னை போக்குவரத்து நெரிசல், மே மாத வெயில், முழு ஆட்களோடு மலைப்பாதை என்று ஓடும் காரில் ஆயிலின் சூடும் கூடுதல்.

இதற்கு இலங்கை ஒரு நல்ல உதாரணம். ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்கள் அங்கே ஏராளமாக இறக்குமதியாயின. 2020-ல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி ஓட்டும்போது, மாற்ற வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஆயிலையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஹைபிரிட் காரில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் சொல்லும் கணக்கு, சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. கடுமையாக ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே.

வாரண்டியில் இருக்கும் கார் என்றால்?

வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. இந்தியாவில் டொயோட்டா தரும் பொது வாரண்டி 3 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கி.மீ. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கி.மீ. இந்தக் காலத்துக்குள் கியர் பெட்டியில் ஏதாவது சத்தம் வந்து, போல்ட்டைத் திறந்த அடையாளமும் இருந்தால் வாக்குவாதம் நிச்சயம். சர்வீஸ் சென்டரில் "கஸ்டமர் கேட்டதால் மாற்றப்பட்டது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பணம் கட்டி மாற்றிக்கொண்டால் பில் கையில் இருக்கும்.

எந்தக் காருக்கு இந்த முறை பொருந்தாது?

பின்னால் 'ஹைபிரிட்' என்று எழுதியிருப்பதால் மட்டும் இந்த முறை பொருந்திவிடாது. மாருதியின் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' கார்களில் இருப்பது வழக்கமான மேனுவல் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்தான். எஞ்சினுக்குச் சிறிய மோட்டார் ஒன்று கைகொடுக்கிறது, அவ்வளவுதான். இலங்கையில் நிறைய ஓடும் பழைய ஹோண்டா வெசல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டை கிளட்ச் கொண்ட 7 வேக கியர் பாக்ஸ். சிட்டி இ:எச்இவியின் அமைப்பும் டொயோட்டாவிலிருந்து வேறுபட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆயில் வேறு, அளவு வேறு. கீழே உள்ளது டொயோட்டா வகை இ-சிவிடிக்கானது. எண்கள் வரும் இடங்களில் பிரியஸ்தான் உதாரணம்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

ஹைபிரிட் என்றதும் எல்லோரும் பயப்படுவது கரண்டுக்கு. ஆரஞ்சு நிற வயர்களைத் தொடாமல், எதையும் கழற்றாமல் இருந்தால் இந்த வேலையில் அந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆயிலை மாற்றுவதற்கு ஹைபிரிட் பேட்டரியின் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்க வேண்டிய அவசியமும் இல்லை.

உண்மையான ஆபத்து இரண்டு. முதலாவது ஜாக். ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. முன்சக்கரங்களைத் தூக்கிவிட்டால் 'பி' போட்டும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் 'பி' பிடித்து வைப்பது முன்சக்கரங்களைத்தான். பின்சக்கரங்களுக்குக் கட்டாயம் கட்டை கொடுக்க வேண்டும், பார்க்கிங் பிரேக்கும் போட வேண்டும்.

இரண்டாவது, அமைதி. பெட்ரோல் கார் ஆனில் இருந்தால் சத்தம் வரும். ஹைபிரிட் 'ரெடி'யில் இருந்தாலும் மூச்சுக்கூட விடாது. பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பும். அடியில் ஒருவர் படுத்திருக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் ஏசி போட உள்ளே ஏறி பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே காரை முழுதாக ஆஃப் செய்துவிட்டு, ஸ்மார்ட் கீயை வீட்டுக்குள் எடுத்துப்போய் வைத்துவிட வேண்டும். கூடுதல் பாதுகாப்புக்காகச் சிலர் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் வயரையும் கழற்றுவார்கள். பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல மாடல்களில் அந்த பேட்டரி டிக்கியில் இருக்கிறது, டிக்கியின் பூட்டும் மின்சாரத்தில்தான் திறக்கும். வயரைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்தினால் அப்புறம் சிரமம்தான்.

மாற்றுவது எப்படி?

கார் சமமாக நிற்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆயில் அளவு சரியா என்று பார்க்க இந்தப் பெட்டியில் டிப்ஸ்டிக் கிடையாது; ஊற்றும் துளையின் விளிம்பே அளவுகோல். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அந்த அளவு பொய்யாகிவிடும். நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பள்ளம் வெட்டிய இடமோ, லிஃப்ட் உள்ள வாட்டர் வாஷ் கடையோ உத்தமம். ஒரு மணி நேரத்துக்கு லிஃப்டை வாடகைக்குக் கேட்பது, வீட்டு வாசலில் நான்கு ஸ்டாண்ட் வைத்துப் போராடுவதைவிட நல்ல யோசனை.

எஞ்சின் அறையைத் திறந்து முன்னால் நின்று பார்த்தால், பிரியஸில் இடது கைப்பக்கம் எஞ்சின், வலது கைப்பக்கம் இன்வெர்ட்டர் பெட்டி. இன்வெர்ட்டருக்கு நேர் கீழேதான் இ-சிவிடி. அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால் போல்ட்டுகள் தெரியும்.

ஹைபிரிட் பழக்கமில்லாத ஒர்க்‌ஷாப்புகளிலும் வீடுகளிலும் நடக்கும் பெரிய விபத்து இந்த இடத்தில்தான். எஞ்சின் ஆயில் மாற்ற நினைத்து, கைக்கு முதலில் கிடைத்த கியர் பெட்டியின் போல்ட்டைத் திறந்துவிடுவார்கள். வெளியே வருவது கியர் ஆயில். பிறகு மேலே எஞ்சினில் புது ஆயிலை ஊற்றுவார்கள். இப்போது எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில், கியர் பெட்டியில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டி வழக்கம்போலக் கிளம்பிப் போகும், சில காலம் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். தெரியவரும்போது மோட்டார் காலி. எஞ்சின் ஆயில் மாற்றிய பிறகு டிப்ஸ்டிக்கில் அளவு எக்கச்சக்கமாகக் காட்டினால், வண்டியை எடுக்காமல் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பழைய பிரியஸில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆயில் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே இன்வெர்ட்டர் கூலன்ட்டை வடிக்கும் போல்ட் உண்டு. தெரியாமல் அதைத் திறந்தால் இளஞ்சிவப்புத் திரவம் கொட்டும். அதைத் திரும்ப நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது தனி வேலை.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவும், வேறொரு காரணத்துக்காகவும் ஒரு விதி உண்டு. முதலில் மேலே உள்ள ஊற்றும் போல்ட்டைத் திறக்க வேண்டும், பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட். தலைகீழாகச் செய்து, ஆயிலெல்லாம் வடிந்த பிறகு ஊற்றும் போல்ட் இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால்? ஆயில் இல்லாத கார் நகரவும் முடியாது, இழுத்துப் போகவும் முடியாது.

ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் நன்றாக வடியும். கையைச் சுடும் அளவுக்குச் சூடு தேவையில்லை. லிட்டர் கோடு போட்ட பாத்திரத்தில் வடிப்பது அவசியம். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஒருமுறை வடித்தால் பாதி ஆயில்கூட வெளியே வராது, டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். இ-சிவிடியில் அந்த உறுப்பே இல்லை என்பதால் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும். அதனால் மெஷின் போட்டு 'ஃப்ளஷ்' செய்யச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. இரண்டாம் தலைமுறை பிரியஸின் கொள்ளளவு 3.8 லிட்டர், மூன்றாம் தலைமுறைக்கு 3.4 லிட்டர். நான்கு ஒரு லிட்டர் கேன்கள் வாங்கினால் போதும்.

மிச்சமிருக்கும் சொட்டுகளும் வர வேண்டும் என்று காரை 'ரெடி'யில் போட்டு மோட்டாரைச் சுற்றவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒருபோதும் கூடாது. ஆயிலே இல்லாமல் மோட்டாரைச் சுற்றுவதற்குச் சமம் அது. அந்த நாலு சொட்டு உள்ளேயே இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வடிந்த ஆயில் என்ன சொல்கிறது?

புதிதில் சிவப்பாக இருந்த ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் அப்படித்தான் இருக்கும். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறக் களிம்பு போல மெல்லிய தூள் ஒட்டுவதும் சகஜம். விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் வந்தாலோ, கருகிய வாடை மூக்கைத் துளைத்தாலோ, பால் கலந்தது போல் வெளிறிப்போய் இருந்தாலோ விஷயம் வேறு. முதல் இரண்டும் உள்ளே ஏதோ தேய்கிறது, எரிகிறது என்பதற்கான அடையாளம். மூன்றாவது, தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற காரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு ஹைபிரிட் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

வடிந்த அளவும் ஒரு தகவல்தான். 3.4 லிட்டர் வர வேண்டிய இடத்தில் இரண்டரைதான் வந்தது என்றால், எங்கேயோ கசிகிறது. புது ஆயிலை ஊற்றுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊற்றுவது, மூடுவது

கீழ் போல்ட்டை மூடும்போது பழைய வாஷரையே போடக் கூடாது. அது இறுக்கும்போது நசுங்கி அடைக்கும் வகை, இரண்டாவது முறை சரியாக அடைக்காது. பெட்டி அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு நிறுவனம் சொல்லும் இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர். ஒரு கையால் நிதானமாக இறுக்கும் அளவுதான் அது. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஊற்றும் துளை பெட்டியின் முகப்பில், பக்கவாட்டில் இருக்கிறது. கேனை நேராகச் சாய்க்க இடமிருக்காது. மேலிருந்து நீளமான டியூப் மாட்டிய புனல், அல்லது கேனில் மாட்டும் கை பம்ப் போதும். டியூப் சுத்தமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் ஊற்றிய அதே புனலைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது இந்த வேலையில் எடுபடாது.

துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஆயில் மெல்ல வழிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். வழிவது நின்ற பிறகு விரலை வளைத்து உள்ளே விட்டுப் பார்த்தால், ஆயில் விளிம்புக்கும் அதற்கு 10 மில்லிமீட்டர் கீழே உள்ள மட்டத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் திணிப்பதால் எந்த லாபமும் இல்லை. ஆயில் சூடானால் விரிவடையும் என்பதை மறக்கக் கூடாது.

மூடிய பிறகு இரண்டு போல்ட்டுகளையும் சுற்றியுள்ள இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அடியில் பார்க்க வேண்டும். துடைத்த இடம் காய்ந்தே இருந்தால் கசிவு இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் மறுநாள் கார் ஆறிய பிறகு, அதே சமதளத்தில் நிறுத்தி அளவை இன்னொரு முறை பார்க்கலாம்.

மாற்றிய பிறகு மைலேஜ் எகிறும், பிக்கப் கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அப்படி எந்த வித்தியாசமும் தெரியாது. மாற்றியதன் பலன் 2 லட்சம், 3 லட்சம் கிலோமீட்டரில்தான் தெரியும், அதுவும் பெட்டி கெடாமல் இருப்பதாகத்தான் தெரியும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் காலி மனையிலும் ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயிலும் அபாயகரக் கழிவுதான். வடித்த ஆயிலைப் புது ஆயில் வந்த அதே கேன்களில் நிரப்பி, மூடி, அங்கீகாரம் பெற்றவர்களிடம் பழைய ஆயிலைக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கலாம். வாட்டர் வாஷ் கடையின் லிஃப்டிலேயே வேலையை முடித்திருந்தால் அவர்களுடைய டிரம்மிலேயே ஊற்றிவிடலாம்.

மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ஆயில் வாங்கிய பில்லையும் அதிலேயே ஒட்டி வைக்க வேண்டும். காரை விற்கும் நாளில் வாங்க வருகிறவர், "கியர் ஆயில் மாத்தியிருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்.